‘ஜயன்ட்’ பார்த்து முடித்தோம். ஒரு பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாள்தானே, தேத்தண்ணி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மஃரிபுக்குப் பிறகு, எங்களிடம் படித்த பொடியன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அப்போது ஏ.எல். இரண்டாம் வருடம். "படிப்ப விட்டுட்டன் சேர். கொரியா எக்ஸாம் எடுக்கப் போறன்" என்றான். அவன் எங்கள் இருவரிடமும் படித்தவன். வீட்டில் ஒருவர் வரலாறு, மற்றவர் தமிழ். இருவரும் சேர்ந்து நன்றாக ஏசினோம். மூன்று பாடமும் சித்தியடையக்கூடிய பிள்ளை, இன்னும் எட்டு மாதம் பொறுக்க முடியாதா என்று கேட்டோம்.

அவன் கோபிக்கவில்லை. பொக்கெட்டிலிருந்து ஒரு பென் ட்ரைவை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதுல அறுபது பாட் இரிக்கி. காது பழகுறதுக்கு நாடகம் பாக்கச் சொல்லி கொரியா வகுப்பு மாஸ்டர் தந்தவர். ஒண்டுமே இல்லாம தலைநகரத்துக்கு வந்த ஒருத்தன் எப்பிடி மேல வாறான் எண்டு பாருங்க. அந்த நாட்டுக்கு ஒரு தலைவன் இருந்தான் சேர். நமக்கு இல்ல. நீங்கதானே தரம் பத்துல சொன்னீங்க?"

சொன்னோம்தான். அதை மறுக்க முடியாது. அறுபதுகளில் கொரியா நம்மைவிடப் பின்னால் நின்ற நாடு, ஒரு இராணுவத் தலைவர் வந்தார், ஒழுங்கு வந்தது, நாடு எழும்பியது என்று வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறோம். பிள்ளைகள் சத்தம் போடும்போது அடக்குவதற்கும் அது உதவும் கதை. கலாசாலையில் நாங்கள் படித்த காலத்திலேயே விடுதியில் இரவிரவாகக் கதைத்த கதைதான். கதைத்தவர்களில் பாதிப் பேர் இப்போது அதிபர்மார்.

பென் ட்ரைவ் லாச்சிக்குள் கிடந்தது. பொடியன் எக்ஸாம் பாஸ் பண்ணினான். விமானம் ஏறுவதற்கு முதல் நாள் சலாம் சொல்ல வந்தவன், "பாத்தீங்களா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் போன பிறகுதான் திறந்தோம்.

அன்றிலிருந்து இஷாவுக்குப் பிறகு ஒரு பாகம். நாங்கள் இருவர், மகள், பாயில் சாய்ந்தபடி வாப்பா. எழுத்து ஆங்கிலத்தில் ஓடுவதால் எங்களில் ஒருவர் வாப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது.

நாடகத்தின் பெயர் ‘ஜயன்ட்’. எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் 2010 மே மாதம் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. கதை 1970இல் ஆரம்பிக்கிறது. பூசான் துறைமுகத்தில் ஒரு லொறிச் சாரதி. தங்கக் கடத்தல் ஒன்றில் சிக்கவைக்கப்பட்டுக் கொல்லப்படுகிறார். கொன்றவன் கடத்தல்காரன் அல்ல, அரசாங்கத்துக்குள் இருக்கும் ஜோ பில் யோன் என்ற ஆள். பிள்ளைகள் சியோலுக்குத் தப்பி ஓடும்போது பிரிந்துபோகிறார்கள். மூத்தவன் சங் மோ, கொன்றவன் யாரென்று தெரிந்துகொண்டே அவனிடம் வேலைக்குச் சேர்ந்து புலனாய்வுத் துறைக்குள் வளர்கிறான். தங்கை மி ஜூ பாடகியாகிறாள். நடுவில் உள்ள லீ கங் மோதான் கதாநாயகன். தகப்பனின் சாவில் பங்குள்ள ஒரு கட்டிடக் கொந்தராத்துக்காரரின் நிழலிலேயே, அது தெரியாமல் வளர்ந்து, தொழிலைப் படித்து, பின்னால் சொந்தக் கம்பனி தொடங்குகிறான். சின்ன வயது சங் மோவாக வருவது கிம் சூ ஹியூன் என்று மகள் முதல் பாகத்திலேயே கண்டுபிடித்துக் கத்தினாள்.

எல்லோரும் அடிபடுவது ஒரு நிலத்துக்காக. கங்னம். 2012இல் கலியாண வீட்டுப் பொடியன்மாரெல்லாம் குதிரை ஓட்டுவதுபோல் ஆடிய அந்தப் பாட்டின் கங்னம்தான். ஆற்றுக்குத் தெற்கு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஹான் ஆற்றுக்குத் தெற்கே உள்ள அந்தப் பகுதி 1963இல்தான் சியோலோடு சேர்க்கப்பட்டது. அப்போது அங்கே மரக்கறித் தோட்டமும் பேரிக்காய்த் தோப்பும் வயலும். 1969 கடைசியில் ஆற்றுக்குக் குறுக்கே ஹன்னம் பாலம் வந்தது. 1970 ஜூலை 7இல் சியோலையும் பூசானையும் இணைக்கும் 428 கிலோமீற்றர் அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. பேரிக்காய்த் தோப்பு பொன் விளையும் பூமியாக மாறியது.

இந்த இடத்தில் வாப்பா கேட்ட கேள்விதான் எங்களுக்கு நாடகத்தைத் திறந்து காட்டியது. "பாலம் எங்க வரும் எண்டு ஆருக்கு முதல்ல தெரியும்?"

அறுபது பாகமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. கங் மோவுக்கு உழைக்கத் தெரியும், கணக்குத் தெரியும், ஆட்களை நடத்தத் தெரியும். ஜோ பில் யோனுக்கு இவை எதுவும் தேவையில்லை. அவன் வரைபடத்தை முதலில் பார்த்தவன். பாதை எங்கே ஓடும், எந்தக் காணியை அரசாங்கம் எடுக்கும், எது மிஞ்சும் என்பது அவனுக்கும் அவனைச் சுற்றி இருப்பவர்களுக்கும் முன்கூட்டியே தெரியும். கேள்வி கேட்கப் பத்திரிகை இல்லை. தடுக்க நீதிமன்றம் இல்லை. நாங்கள் வகுப்பில் ‘ஒழுங்கு’ என்று சொல்லிக்கொடுத்தோமே, அதன் உள்பக்கம் இதுதான்.

இது வெறும் நாடகக் கற்பனையும் அல்ல. 1970 அளவில், மேலிடத்து உத்தரவின் பேரில் சியோல் மாநகர அதிகாரிகளே கங்னம் காணிகளை இரகசியமாக வாங்கி, விலை ஏறியதும் விற்று, இலாபத்தை ஆளுந்தரப்பின் அரசியல் நிதிக்குக் கொடுத்தார்கள். 1971இல் ஜனாதிபதித் தேர்தல் இருந்தது. இதைப் பின்னாளில் எழுதிவைத்தவர் அதே மாநகர நிர்வாகத்தில் நகரத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒருவர்.

1961 மே 16இல் இராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்தவர் பார்க் சுங் ஹீ. 1972 ஒக்டோபரில் அரசியலமைப்பையே மாற்றி, சாகும்வரை ஜனாதிபதியாக இருக்க வழி செய்துகொண்டார். 1979 ஒக்டோபர் 26இல் அவருடைய புலனாய்வுத் தலைவரே ஒரு இராப்போசன மேசையில் அவரைச் சுட்டுக் கொன்றார். இந்தத் திகதிகள் எங்களுக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருந்தது, அந்தப் பதினெட்டு வருடத்தில் ஊரை விட்டு நகரத்துக்கு வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பது.

1960இல் சியோலின் சனத்தொகை ஏறக்குறைய 24 லட்சம். 1980இல் 83 லட்சத்துக்கு மேல். வந்தவர்களுக்கு வீடில்லை. மலைச்சரிவுகளில் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். நிலாவுக்குக் கிட்ட இருப்பதால் அவற்றை நிலாச் சேரி என்று சொல்வார்களாம். அழகான பெயர், தண்ணீர் மட்டும் கீழே இருந்து சுமக்க வேண்டும். நகரத்தைத் துப்புரவாக்குவதாகச் சொல்லி அவர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை லொறிகளில் ஏற்றி, சியோலுக்குத் தென்கிழக்கே வெறும் மண்மேட்டில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று சொங்னம் என்ற பெரிய நகரம் அது. அன்று தண்ணீர் இல்லை, வேலை இல்லை. அதற்குமேல் காணிக்குக் காசும் கட்டச் சொன்னார்கள். 1971 ஓகஸ்ட் 10இல் அந்தச் சனம் கிளர்ந்தெழுந்தது. அதிவேகப் பாதை கட்டும்போது இறந்தவர்கள் 77 பேர். அவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நாடகத்தின் பாத்திரம் அல்ல. பெயர் ஜொன் தே இல். தேகுவில் பிறந்து, வறுமையால் சியோலுக்கு வந்து, சமாதானச் சந்தை என்ற இடத்தில் தையல் வேலை செய்தவர். கங் மோவைப்போல அவரும் ஒன்றுமில்லாமல் வந்தவர். அங்கே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து நிற்க முடியாத தட்டுகளில் குந்தியிருந்து நாள் முழுக்கத் தைப்பார்கள். பசித்த பிள்ளைகளுக்குத் தன் பஸ் காசில் பணிஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் நடந்தே வீட்டுக்குப் போவார். தொழிலாளரைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று புத்தகத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து, அதை நடைமுறைப்படுத்தும்படி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எவரும் கேட்கவில்லை. 1970 நவம்பர் 13இல் சந்தை முன்னால் தன்னைத் தீயிட்டுக்கொண்டார். வயது 22.

தன்னை மாய்த்துக்கொள்வது எங்கள் மார்க்கத்தில் இல்லாதது. அதைப் புகழ்ந்து எழுதவில்லை. ஆனால், இருக்கிற சட்டத்தைக் கடைப்பிடியுங்கள் என்று கேட்க அந்த நாட்டில் ஒரு வாசல்கூடத் திறந்திருக்கவில்லை என்பதை யோசிக்க வேண்டும். அதே வருடம், அதே நகரம், அதே ‘எழுச்சி’. தரம் பத்துப் பிள்ளைகளுக்கு அதிவேகப் பாதையைச் சொன்னோம், இந்தத் தையற்காரரைச் சொல்லவில்லை. எங்களுக்கே தெரியாது.

நாடகம் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டது என்றும் இல்லை. எல்லாக் கொடுமைக்கும் ஜோ பில் யோன் என்ற ஒரே முகத்தைக் கொடுத்துவிடுகிறது. அவன் ஒழிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல் கதை நகர்கிறது. உண்மையில் அது ஒரு ஆளின் கெட்ட குணம் அல்ல, ஒரு ஆட்சி முறை. ஒளிபரப்பாக முன்னரே கொரியாவில் இதைப் பற்றிச் சர்ச்சையும் வந்தது. அப்போதைய ஜனாதிபதி லீ மியூங் பாக், பெரிய கட்டிடக் கம்பனி ஒன்றில் சாதாரண ஊழியராகச் சேர்ந்து 35 வயதில் தலைமைக்கு வந்தவர். அவரைப் புகழத்தான் இந்த நாடகமா என்று கேட்டார்கள். தயாரித்தவர்கள் மறுத்தார்கள். பார்த்து முடித்த பிறகு எங்களுக்கு அது புகழ்ச்சியாகத் தெரியவில்லை.

காரணம், சம்சொங் முகாம். பார்க் கொல்லப்பட்ட பின் வந்தவர் இன்னொரு இராணுவத் தளபதி, சுன் டூ ஹ்வான். 1980 மே மாதம் குவாங்ஜூ நகரத்தில் சொந்தச் சனத்தின் மீதே இராணுவத்தை ஏவியவர். அதே வருடம் ஓகஸ்டிலிருந்து, சமூகத்தைத் துப்புரவாக்குவதாகச் சொல்லி, 60,000க்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அதில் ஏறக்குறைய 40,000 பேரை இராணுவ முகாம்களுக்கு அனுப்பினார்கள். ரவுடிகள் என்று சொன்னார்கள். பச்சை குத்தியவர், குடித்துவிட்டுச் சத்தம் போட்டவர், பொலிஸுக்குப் பிடிக்காதவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். மரக்குற்றியைத் தோளில் சுமந்து பயிற்சி, அடி, பட்டினி. முகாம்களுக்குள் இறந்தவர்கள் என்று அரசாங்கமே பின்னால் ஒப்புக்கொண்டது 54 பேரை.

உழைத்து முன்னேறிய நம் கங் மோவும் அந்த முகாமுக்குள் தள்ளப்படுகிறான். அந்தப் பாகங்கள் ஓடிய இரவுகளில் மகளை நேரத்தோடு படுக்க அனுப்பினோம். வாப்பா ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கும் பேச வரவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் மாகாணத்தில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு, ஆட்களை வரிசையில் இருத்திக் கொண்டுபோகும் காட்சியை விளக்கத் தேவையில்லை. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தபோதும் நாடு ‘ஒழுங்காகத்தான்’ இருந்தது. ஒரு கட்டளை, ஒரு வேலை. 2021 பெப்ரவரி வரை.

எழும்பிய நாடு எழும்பிய நாடுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், வகுப்பில் நாங்கள் சொல்லாமல் விட்ட மீதிக் கணக்கும் இருக்கிறது. பார்க் வருவதற்கு முன்னரே, நாற்பதுகளின் இறுதியிலும் ஐம்பதுகளிலும், கொரியாவில் காணிச் சீர்திருத்தம் நடந்துவிட்டது. உழுதவனுக்கு வயல் கிடைத்தது. அவர் வருவதற்கு முன்னரே ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பாடசாலைக்குள் இருந்தார்கள். வயல் கிடைத்த தகப்பன் பிள்ளையைப் படிப்பித்தான். படித்த பிள்ளை நகரத்துத் தொழிற்சாலைக்கு வந்தது. அந்தப் பிள்ளையின் உழைப்பு, கல்லில் வெட்டிய பெயராக ஒரு தளபதியின் கணக்கில் எழுதப்பட்டது. நாங்களும் கரும்பலகையில் அப்படியே எழுதினோம்.

இதில் வாப்பாவின் பங்கையும் சொல்ல வேண்டும். வாப்பா 1981இல் சவூதிக்குப் போனவர், ஜுபைலில் கட்டிட வேலை. நாடகத்தில் கட்டிடக் காட்சிகள் வரும்போதெல்லாம் எழும்பி உட்காருவார்.

"கொரியாக்காரனுகளா? எங்கட கேம்புக்குப் பக்கத்துலதான் இருந்தானுகள். விடியச் சாமத்துல எழும்பி எக்ஸசைஸ் செய்வானுகள். ராவைக்கும் லைட் போட்டு வேல. வேல எண்டா அப்பிடி ஒரு வேல. ஆனா அவனுகளுக்கும் கட்டில் தலைமாட்டுல பொண்டாட்டி புள்ளைட போட்டோதான். எங்களப்போல லைன்ல நிண்டு சோறு வாங்கினவனுகள்தான்."

பிறகு தேடிப் பார்த்தோம். எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து கொரியர்கள் கூட்டம் கூட்டமாக வளைகுடாவுக்குப் போயிருக்கிறார்கள். 1977இல் அதே ஜுபைலில், சம்பளமும் நடத்தையும் சரியில்லை என்று கொரியத் தொழிலாளர்களே கிளர்ந்தெழுந்திருக்கிறார்கள். வாப்பா போவதற்கு நாலு வருடம் முன். அவர்கள் அனுப்பிய காசில் அங்கே வீடு எழும்பியது, தம்பி தங்கை படித்தார்கள். நம் ஊரிலும் எத்தனை கல்வீடு அப்படி எழும்பியது என்று எண்ணிப் பாருங்கள். அந்த வீடுகளுக்கு எந்தத் தலைவர் கல் வைத்தார்?

இதெல்லாம் அந்தப் பொடியனுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியது. படிப்பை விட்டதற்கு ஏசினோமே தவிர, அவன் கையில் இருந்த பிழையான வரலாறு எங்களிடமிருந்து போனது என்பதை யோசிக்கவில்லை. அவன் போவதும் ஒரு வரைபடத்துக்குள்தான். மூன்று வருடம், நீட்டித்தால் நாலு வருடமும் பத்து மாதமும். முதலாளி பிடிக்கவில்லை என்று நினைத்த நேரத்தில் வேறு இடத்துக்கு மாற முடியாது, அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கங் மோவைப்போல அங்கே கம்பனி தொடங்கப் போகவில்லை அவன். கூலிக்குப் போயிருக்கிறான். கூலிக்குப் போவதில் குறைவு ஒன்றுமில்லை. அங்கே தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அந்த உரிமைகள் ஒரு தளபதி கொடுத்தவை அல்ல. 1987 ஜூனில் கொரியச் சனம் வீதிக்கு இறங்கி ஜனநாயகத்தை வாங்கிய பிறகு, ஒவ்வொன்றாக வந்தவை.

இன்னும் ஒன்று. 2024 டிசம்பர் 3 இரவு, அப்போதைய கொரிய ஜனாதிபதி யூன் சுக் யோல் திடீரென்று இராணுவச் சட்டம் அறிவித்தார். அந்த இரவே சனம் பாராளுமன்றத்தைச் சுற்றி நின்றது. உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போய், சில மணித்தியாலத்தில் அதை வாக்களித்து இரத்துச் செய்தார்கள். 2025 ஏப்ரல் 4இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. ஒழுங்கு வேண்டுமென்றால் கொரியாவைப் பார் என்று சொல்கிறவர்கள் அந்த இரவையும் பார்க்க வேண்டும். தளபதியின் ஆட்சியில் வாழ்ந்து பார்த்த சனம், இன்னொரு தடவை வேண்டாம் என்று சொன்ன இரவு அது.

போன வெள்ளிக்கிழமை பொடியன் வீடியோ கோல் எடுத்தான். நாடகம் முடித்துவிட்டோம் என்று சொன்னோம். தரம் பத்தில் சொன்னதில் பாதி பிழை, மன்னித்துக்கொள் மகன் என்றும் சொன்னோம். சிரித்தான்.

"இங்க வேலத்தலத்துல பார்க் சுங் ஹீயப் பத்தி ஒருத்தரும் கதைக்கிறல்ல சேர். எங்கட போமன் ஒரு வயசான மனிசன். நான் முஸ்லிம் எண்டதும் சவூதியப் பத்திக் கேட்டார். அவர்ர வாப்பா அங்க கட்டிட வேல செஞ்சவராம். சின்னப் புள்ளையில அவர் வாப்பாட முகத்தையே காணல்லயாம், போட்டோவுலதான் பாத்தாராம்."

பாயில் படுத்திருந்த வாப்பா எழும்பி வந்து போனை வாங்கினார்.

"எந்த ஊரு எண்டு கேளு மகன். ஜுபைலா? எந்தக் கேம்ப் எண்டு கேளு."

அந்தப் பதிலுக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

உங்கள் வீடுகளிலும் அந்தக் காலத்தில் சவூதி, குவைத், கட்டார் போன வாப்பாமார் இருப்பார்கள். அவர்கள் பார்த்த கொரியாக்காரர்களைப் பற்றிக் கேட்டு இங்கே எழுதுங்கள். அடுத்த தவணை தரம் பத்துக்கு அந்தப் பாடத்தைத் திரும்பப் படிப்பிக்கப் போகிறோம். இந்தத் தடவை பாலத்தையும் சொல்வோம், பாலம் கட்டியவர்களையும் சொல்வோம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.